முப்பத்தைந்தரை டிகிரி

விஜயபுரம்
22 அக்டோபர் 2023

அன்புள்ள ஸுப்பு,

இங்கே இரண்டு கால் உள்ளவர்கள் எல்லோரும் நலம். நான்கு கால் உள்ளவை இன்னும் வந்து சேரவில்லை. அவற்றுக்காகத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போனில் நீ "எப்படிடீ இருக்கே" என்பாய், நான் "நல்லா இருக்கேன்" என்பேன், அதற்குள் என் மாமியார் பிடுங்கிக்கொண்டு அயர்லாந்தில் குளிர் எப்படி என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். பலமநேர் மாட்டுப் பண்ணைக்கு நீ மாட்டு டாக்டர் படிப்பிலிருந்தும் நான் டிப்ளமோவிலிருந்தும் பயிற்சிக்கு வந்து, ஆறு மாதம் ஒரே அறையில் ஒரே ஸ்வெட்டரை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தோமே, அப்போது பேசிக்கொண்டதுதான். பொய் சொல்லப் போன், உண்மை சொல்லக் காகிதம்.

உண்மை இது. ஸ்ரீ சிட்டி கம்பெனி வேலையை விட்டுவிட்டேன். நான்கு வருடம், மூன்று ஷிப்ட், வெளியே மழையா வெயிலா என்று தெரியாத ஒரு கூடத்தில் நின்றேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகும் கால் மட்டும் நின்றுகொண்டே இருக்கும். வீட்டுக்காரர் எத்திராஜிடம், மாடு வைக்கிறேன் என்றேன். "ஒரு வருசம் பாரு. அடுத்த ஆடிக்குள்ள மாடு நம்ம மண்ணுல நின்னுச்சுன்னா நீயும் நில்லு. இல்லன்னா மறுபடியும் கம்பெனி பஸ் ஏறு" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே சொன்னார்.

இரண்டு ஏக்கர் இருக்கிறது, போர்க் கிணறு இருக்கிறது. எந்த மாடு என்பதுதான் கேள்வி. மாட்டு வியாபாரி இஸ்மாயில் அண்ணன், "ஜெர்சி கலப்பு கட்டும்மா. இல்லன்னா நம்ம புங்கனூர் குட்டை ரெண்டு கட்டு. பால் கம்மிதான், ஆனா வெயிலைப் பத்தி உன்னாண்ட புகார் சொல்லாது" என்கிறார். எனக்கு ஆசை எதன் மேல் என்று உனக்குத் தெரியும். பலமநேரில் நம் கையால் கறந்த அந்தக் கறுப்பு வெள்ளைச் சீமை மாடு, எச்.எஃப். ஆனால் இங்கே மே மாதம் எப்படி என்றும் யோசிக்கிறேன். நீ என்ன சொல்கிறாயோ அதை வாங்குகிறேன்.

உன் பதிலுக்காகக் கொட்டகை போடாமல் காத்திருக்கும்
கல்பனா


கார்க், அயர்லாந்து
12 நவம்பர் 2023

என் கல்பனா,

உன் கடிதம் வந்த அன்று இங்கே பதினோராவது நாளாக மழை. இருநூற்று நாற்பது பசுக்கள் மழையில் நின்று புல் மேய்வதை நான் குடைக்குள் நின்று அளந்துகொண்டிருந்தேன். எது எவ்வளவு நேரம் மேய்கிறது, எப்போது அசை போடுகிறது என்று குறிப்பதுதான் என் வேலை. இங்கே வந்து மூன்று வருடத்தில் யாரும் என்னிடம் ஒரு மாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொன்னதில்லை. நீ கேட்டாய். இரண்டு நாள் தூக்கமே வரவில்லை, சந்தோஷத்தில்.

யோசித்துத்தான் சொல்கிறேன். எச்.எஃப். வாங்கு. நான்கு போதும். பலமநேர் பக்கத்திலேயே இரண்டாம் ஈற்று மாடுகளாகப் பார்த்து எடு. வெயிலை நானும் கணக்கில் எடுத்தேன். என் பழைய குறிப்பேட்டில் சித்தூர் மாவட்டத்துக்கான அளவுகள் இருக்கின்றன. மே மாதம் மதியம் இரண்டு மணிக்கு அதிகபட்சமே முப்பத்தைந்தரை டிகிரி. காற்றில் ஈரப்பதம் முப்பது. காற்று காய்ந்திருக்கும்வரை நல்ல நிழலும் தண்ணீரும் இருந்தால் அந்த மாடு தாங்கும்.

மேய்ச்சலுக்கு ஒரு வரைபடம் இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு ஏக்கரைக் கம்பி கட்டிப் பன்னிரண்டு பாத்தியாகப் பிரி. ஒரு பாத்தியில் இரண்டு நாள். மாடு முதல் பாத்திக்குத் திரும்பி வரும்போது புல் முழங்காலுக்கு வளர்ந்திருக்கும். இங்கே அப்படித்தான் செய்கிறார்கள்.

இஸ்மாயில் அண்ணனிடம் கோபித்துக்கொள்ளாதே. ஆனால் விற்கிறவர் சொல்வதையும் அளந்தவர் சொல்வதையும் ஒரே தட்டில் வைக்காதே.

மழையில் நனைந்த அன்புடன்
ஸுப்ரஜா


விஜயபுரம்
9 ஜனவரி 2024

அன்புள்ள ஸுப்பு,

இங்கே இரண்டு கால் உள்ளவர்களும் நான்கு கால் உள்ளவையும் நலம்! இந்த வரியை எழுதவே மூன்று மாதம் காத்திருந்தேன்.

இஸ்மாயில் அண்ணனின் லாரி பலமநேரிலிருந்து மொகிலி மலைப்பாதை இறங்கி, சித்தூர் வழியாகப் பொழுது சாய வந்து சேர்ந்தது. ஊரே கூடிவிட்டது. முதலில் இறங்கிய மாடு நேராக வாசலுக்குப் போய், என் மாமியாரை இடித்துத் தள்ளிவிட்டு, கோலத்தின் மேல் நின்றுகொண்டது. "இன்னாடி இது, தாசில்தார் மாதிரி வருது" என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. தாசில்தார்தான் அதிகம் கறக்கிறாள். ஒரு வேளைக்குப் பத்து லிட்டர். இன்னொன்று பாலாமணி, மற்றொன்று சின்னி. நான்காவதன் உடம்பில் கழுத்துவரை கறுப்பு, கீழே வெள்ளை. நம் ஸ்வெட்டரைப் பாதி போட்டுக்கொண்டது போல. அதனால் அவள் பெயர் ஸ்வெட்டர்.

இஸ்மாயில் அண்ணன் போகும்போது, "மேல இருந்து கீழ கொண்டாந்துட்டேன். இது குல்லாவோட பொறந்த மாடும்மா, கழட்டத் தெரியாது. பாத்துக்கோ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அதிகாலையில் பனி இருக்கிறது. மாடுகளின் மூச்சு புகையாக வருகிறது. பாத்தி மாற்றக் கம்பியைத் திறந்ததும் நான்கும் வரிசையாகப் போகின்றன. அத்தை தெருவில் போகிறவர்களை எல்லாம் கூப்பிட்டு, "எங்க வீட்டு மாடு பஸ் ஸ்டாண்டுல நிக்கற மாதிரி லைன்ல போவுது, வந்து பாரு" என்கிறார்.  எத்திராஜ் என் கம்பெனிச் செருப்பை எடுத்துத் தொழுவத்துக்குப் போட்டுக்கொள்கிறார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சாணி மணக்கும் கையோடு
கல்பனா


விஜயபுரம்
6 ஏப்ரல் 2024

அன்புள்ள ஸுப்பு,

இரண்டு கால் உள்ளவர்கள் நலம். மற்றவை நலமா என்று என்னால் எழுத முடியவில்லை.

மார்ச் நடுவிலிருந்து வெயில் ஏறிவிட்டது. மாடுகள் பகல் முழுவதும் வாயைத் திறந்து மூச்சு விடுகின்றன. நாக்கு வெளியே தொங்குகிறது. தாசில்தார் ஒரு வேளைக்கு நான்கு லிட்டருக்கு வந்துவிட்டாள். சின்னிக்கு மூன்று முறை ஊசி போட்டும் சினை நிற்கவில்லை. படுக்கவே மாட்டேன் என்கின்றன. என்னைப் போல நின்றுகொண்டே இருக்கின்றன.

உன் பாத்தி வரைபடத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். பன்னிரண்டாம் பாத்தி முடித்து முதல் பாத்திக்கு வந்தால் அங்கே புல் இல்லை. போன முறை மேய்ந்த கட்டைதான் இருக்கிறது. போரில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. வரைபடத்தில் அம்புக்குறி மட்டும் அழகாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது.

சந்தைக்குப் போகும் வழியில் இஸ்மாயில் அண்ணன் எட்டிப் பார்த்தார். ஸ்வெட்டரின் விலாவில் கையை வைத்து மூச்சை எண்ணினார். எவ்வளவு என்று சொல்லவில்லை. "நிழல்ல வெச்சிக்கோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

"மாடு துன்னுதோ இல்லையோ, உன் சிநேகிதி லெட்டரு உன்னைத் துன்னுது" என்கிறார் அத்தை. ஆனால் பகலெல்லாம் தாசில்தாருக்கு விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

என்ன செய்யட்டும்? ஆடிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. இந்த மே மாதத்தைத் தாண்டிவிட்டால் போதும். சீக்கிரம் சொல்.

கல்பனா


கார்க்
19 ஏப்ரல் 2024

என் கல்பனா,

நேற்று உன் கடிதம் வந்ததும் போனில் சொன்னதையே மறுபடி எழுதுகிறேன். போனில் நீ எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்றாய். காகிதத்தில் இருந்தால்தான் நீ செய்வாய்.

பகலில் மேய விடாதே. விடியலுக்கு முன் நான்கு மணிக்கு அவிழ்த்துவிட்டு ஏழு மணிக்குக் கட்டு. பாத்தியை மறந்துவிடு. இருக்கும் புல்லை அறுத்துப் போடு. கொட்டகையின் மூன்று பக்கமும் சாக்கை ஒன்றாகத் தைத்துப் படுதாவாகத் தொங்கவிட்டு, மணிக்கு ஒரு தடவை நனைத்துக்கொண்டே இரு. பலமநேரில் நாம் கட்டினோமே. உள்ளே போனால் எப்படிச் சில்லென்று இருக்கும்! கூரையிலிருந்து ஒரு மின்விசிறியும் மாட்டு.

இது போதும். முப்பத்தைந்து டிகிரிக்கு இது போதும்.

அங்கே ஓடி வர முடிந்தால் வந்துவிடுவேன். என் ஆராய்ச்சி ஒப்பந்தம் செப்டம்பர்வரை. இங்கே பசுக்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன. அவற்றைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

உன்
ஸுப்ரஜா


கார்க்
3 மே 2024

கல்பனா,

காலையிலிருந்து பதினோரு முறை உன் போனுக்கு அடித்துவிட்டேன். ஸ்விட்ச் ஆஃப். எத்திராஜ் அண்ணாவின் போனும் கிடைக்கவில்லை. உன்னிடம் ஓடச் சொல்லலாம் என்று திருப்பதியில் என் அப்பாவைக் கூப்பிட்டால் கோயிலில் அவருக்கு இந்த வாரம் முறை, மலைமேல் இருக்கிறார், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்தக் கடிதம் உன்னிடம் வர இரண்டு வாரம் ஆகும் என்று தெரிந்தும் எழுதுகிறேன். வேறு எதைச் செய்வதென்று தெரியவில்லை.

சாக்கை அவிழ்த்துவிடு. இப்போதே.

நேற்றிரவு உனக்காக ஒரு கணக்குப் போடப் பழைய குறிப்பேட்டை எடுத்தேன். அட்டையில் "சித்தூர் மாவட்டம்" என்றுதான் இருக்கிறது. உள்ளே ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் பென்சிலில் சின்னதாக "ப" என்று இருக்கிறது. பலமநேர். எல்லாப் பக்கமும் பலமநேர். கடலிலிருந்து இரண்டாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊரின் வெயிலை எடுத்து, அடிவாரத்துக்கும் கீழே இருக்கிற உன் ஊருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரே மாவட்டம் என்று நினைத்தேன். எனக்குச் சித்தூர் மாவட்டம் என்றாலே பலமநேர்தான், அந்த ஆறு மாதம்தான்.

உன் ஊருக்கான அளவுகளை இப்போதுதான் தேடிப் பார்த்தேன். இந்த வாரம் நாற்பத்து மூன்று. சாயங்காலம் பழவேற்காடு பக்கத்துக் கடல்காற்று வந்துவிட்டால் ஈரப்பதம் எழுபது. மேட்டில் காற்று காய்ந்திருக்கும். ஈரச் சாக்கு குளிரும். உன் ஊரில் காற்றே ஈரமாக இருக்கும்போது அது குளிராது, வெப்பத்தை உள்ளேயே அடைத்துவிடும். விசிறி ஓடும்வரை பரவாயில்லை. விசிறி நின்றால்,

எடுத்துவிடு கல்பனா. நான்கு பக்கமும் திறந்துவிட்டு உடம்பில் தண்ணீர் ஊற்றி, காற்றுப் பட நிற்க வை. போனை எடுடீ.

ஸு.


விஜயபுரம்
8 மே 2024

அன்புள்ள ஸுப்பு,

தாசில்தார் செத்துப்போனாள்.

வெள்ளிக்கிழமை, மூன்றாம் தேதி. முந்தின நாள் சாயங்காலம் கோடைக்காற்று அடித்து இரண்டு கம்பங்கள் சாய்ந்தன. கரண்டு போயிற்று, போனும் அணைந்துபோயிற்று. மழை பத்து நிமிஷம் தூறிவிட்டு நின்றுவிட்டது. அதன் பிறகு ஒரு இலை அசையவில்லை.

கரண்டு இல்லாததால் விசிறி இல்லை. அதனால் சாக்கை இன்னும் அதிகமாக நனைத்தேன். நீ போனில் சொல்லியிருந்தாய் அல்லவா, நனைத்துக்கொண்டே இரு என்று. நானும் அத்தையும் தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு ஊற்றினோம். முதல் இரண்டு வாரம் அது நன்றாகத்தான் உதவியது, அதையும் சொல்லவேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் படுதாவை விலக்கி உள்ளே போனேன். இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. தாசில்தார் கழுத்தை நீட்டிக்கொண்டு படுத்திருந்தாள். ஒரு மாதமாகப் பகலில் அவள் படுக்கவே இல்லை. படுத்துவிட்டாளே என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன்.

மாட்டு டாக்டர் பைக்கில் வருவதற்குள் முடிந்துவிட்டது. அவர் கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, தெலுங்கில், இந்தச் சாக்கை யார் கட்டச் சொன்னது என்று கேட்டார். நான்தான் கட்டினேன் என்றேன்.

எத்திராஜ் வந்து எல்லாச் சாக்கையும் அறுத்துப் போட்டார். மற்ற மூன்றையும் இரவு முழுவதும் வேப்ப மரத்தடியில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். பிழைத்துக்கொண்டன.

அத்தை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. "கோலத்து மேல நிக்காதேன்னு எத்தினி வாட்டி திட்டிக்கினு இருந்தேன்" என்பதையே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உன்மேல் கோபம் இல்லை. எதன்மேலும் ஒன்றும் இல்லை.

கல்பனா


கார்க்
2 ஜூன் 2024

கல்பனா,

நம் கடிதங்கள் நடுவானில் எங்கோ ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. நீ எட்டாம் தேதி எழுதியபோது என் மூன்றாம் தேதிக் கடிதம் உன் கையில் இல்லை. இப்போது இருக்கும். அதனால்தான் போனை எடுக்கமாட்டேன் என்கிறாயா?

யார் கட்டச் சொன்னது என்று டாக்டர் கேட்டபோது என் பெயரைச் சொல்லியிருக்கலாம்.

உனக்குப் பத்துப் பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன். முதல் கிடேரியிலிருந்து ஆரம்பித்து, வெயில் தாங்கும் கன்றுக்கு எந்த மாட்டோடு எதைச் சேர்ப்பது, ஜெர்சி எத்தனை பங்கு, புங்கனூர் எத்தனை பங்கு என்று எல்லாம் எழுதியிருந்தேன். எல்லாம் சரியாக இருந்தது. படித்துப் பார்த்தபோது, செத்த மாட்டின் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்துவது போல இருந்தது.

நான் குறிப்பேட்டைப் பார்க்காமல் எழுதவில்லை. பார்த்துத்தான் எழுதினேன். பக்கத்து மூலையில் இருந்த எழுத்தை மட்டும் பார்க்கவில்லை. தினமும் நூறு எண்களைச் சரிபார்க்கிறவள் அந்த ஒன்றை ஏன் சரிபார்க்கவில்லை என்று யோசித்தால் ஒன்றுதான் தோன்றுகிறது. உன் வீட்டில் அந்தக் கறுப்பு வெள்ளை மாடு நிற்கவேண்டும் என்று எனக்கும் ஆசையாக இருந்தது.

ஏதாவது எழுது. திட்டி எழுது.

ஸுப்ரஜா


விஜயபுரம்
28 ஜூலை 2024

அன்புள்ள ஸுப்பு,

உன் இரண்டு கடிதமும் வந்தன. பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை இஸ்மாயில் அண்ணன் லாரி கொண்டுவந்தார். பலமநேரில் அவருக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மூன்றையும் கட்டிக்கொள்கிறார்கள். அவர் "நான் அன்னைக்கே சொன்னேன்" என்று சொல்லிவிடுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். சொல்லவில்லை. ஏற்றும்போது பாலாமணியையும் சின்னியையும் தள்ளவேண்டியிருந்தது. ஸ்வெட்டர் தானாகவே பலகையில் ஏறிப் போய் நின்றுகொண்டாள். திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். மாடுதானே.

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். உன் போன் இல்லை என்பதால் எடுத்தேன். "மொகிலி ஏறினதும் ஸ்வெட்டருக்கு மூச்சு அடங்கிடுச்சும்மா. வாய மூடிக்கினு அசை போடுது" என்றார். மார்ச்சுக்குப் பிறகு அவள் வாயை மூடி நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அத்தை, "லாரில இன்னொன்னு நிக்க எடம் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நீ மூன்றாம் தேதிக் கடிதத்தில் ஒப்புக்கொண்டது போல நானும் உனக்கு ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். அதற்காகத்தான் இவ்வளவு நாள் ஆயிற்று.

எனக்குத் தெரியும் ஸுப்பு. நவம்பரிலேயே தெரியும். முப்பத்தைந்தரை என்று படித்ததுமே தெரிந்துவிட்டது. பலமநேர் கொட்டகைத் தூணில் வெப்பமானியை உயரத்தில் மாட்டியிருந்தார்கள். நான் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறிப் படித்துச் சொல்வேன், நீ கீழே நின்று எழுதிக்கொள்வாய். ஒருநாள் அது இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. "முப்பத்தஞ்சா முப்பத்தாறா, ஒண்ணு சொல்லுடீ" என்று நீ கத்தினாய். எனக்கு முடிவெடுக்க முடியாமல் "அரை" என்றேன். நீ சிரித்தாய். அந்த அரை நான் சொன்னது. இந்த ஊரில் பிறந்தவள் நான். மே மாதம் இங்கே முப்பத்தைந்தரை இருக்காது என்று எனக்குத் தெரியாதா?

உனக்கு எழுதிக் கேட்கவேண்டும் என்று பேனாவை எடுத்தேன். கேட்டால் நீ சரிபார்ப்பாய். சரிபார்த்தால் வேண்டாம் என்பாய். படித்தவள் சொல்கிறாள், அயர்லாந்திலிருந்து சொல்கிறாள் என்று எத்திராஜிடம் உன் கடிதத்தைக் காட்டினேன். இஸ்மாயில் அண்ணனிடமும் காட்டினேன். எனக்கு வேண்டியிருந்தது யோசனை இல்லை, உன் கையெழுத்து. ஒரு வருடம்தான் கிடைத்திருந்தது. அதில் அந்த மாடுதான் வேண்டும் என்று இருந்தது.

அதனால் டாக்டரிடம் நான்தான் கட்டினேன் என்றது உன்னைக் காப்பாற்ற இல்லை.

நாளைக்குத் திங்கட்கிழமை. ஆடி முடிய இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள். எத்திராஜ் அந்தச் செருப்பைக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறார்.  காலை ஐந்தரைக்குப் பஸ்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினால் ஏதாவது நல்ல யோசனை சொல்வாய். அது சரியாகவும் இருக்கும். நானும் கேட்டுவிடுவேன்.

நகரியிலிருந்து ஒரு வெப்பமானி வாங்கி வந்து காலிக் கொட்டகைத் தூணில் மாட்டியிருக்கிறேன். ஏறத் தேவையில்லை, என் கண்ணுக்கு நேராக இருக்கிறது. இன்று மதியம் இரண்டு மணிக்கு முப்பத்தெட்டு. கோட்டின் மேலேயே நின்றது.

இங்கே இரண்டு கால் உள்ளவர்கள் எல்லோரும் நலம்.

கல்பனா